வசூல் கணக்கை அடித்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஆக்‌ஷன் படங்களுக்கும் ஆஸ்கர் பரிந்துரை வேண்டும் என்று நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். நீ கேட்பது சரிதான். கேட்ட விதம்தான் பிடிக்கவில்லை. 'தி டார்க் நைட்' பற்றி மூன்று பத்தி, மூன்றிலும் வசூல். நூறு கோடி டாலர் வந்தால் தயாரிப்பாளருக்கு லாபம். படம் நன்றாக எடுக்கப்பட்டதா என்பதற்கு அது எப்படிச் சாட்சியாகும்?

அதைவிட எரிச்சல், 'மக்கள் விரும்பிய படம்' என்று தனிப் பிரிவு கேட்டிருக்கிறாயே, அது. 2018 ஆகஸ்டில் ஆஸ்கர் வழங்கும் அகாடமியே அப்படி ஒன்றை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அடுத்த மாதமே கிடப்பில் போட்டது. தனிப் பந்தியில் உட்கார வைப்பது மரியாதையா? 1971இல் வந்த 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' சிறந்த படத்துக்கான விருதையே வாங்கியது. அதில் ரயிலைக் கார் துரத்தும் காட்சியைத் தொகுத்த ஜெரால்ட் கிரீன்பெர்க்குக்கும் விருது. உன் கட்டுரையில் ஒரு எடிட்டரின் பெயர்கூட இல்லை, தம்பி!

நான் உதவி எடிட்டராக இருந்தபோது, சண்டை ரீல் முடிந்ததும் எங்கள் எடிட்டர் ஒலியை நிறுத்திவிட்டு மூவியோலா எடிட்டிங் இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார். யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று புரியாவிட்டால் அத்தனை ஒட்டையும் பிரிக்க வேண்டும். நடுராத்திரி வரை பிலிம் துண்டு தேடியிருக்கிறேன்.

'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' அந்தச் சோதனையில் தேறும். சுமார் 480 மணி நேரக் காட்சிகளிலிருந்து இரண்டு மணி நேரப் படத்தை எடுத்த மார்கரெட் சிக்சல், அதற்கு முன் ஆக்‌ஷன் படமே தொகுத்ததில்லை. பார்க்க வேண்டியதை ஒளிப்பதிவாளர் ஜான் சீல் ஃப்ரேமின் நடுவிலேயே வைத்தார். கட் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் கண் அலைவதில்லை. 10 பரிந்துரை, 6 விருது. சிறந்த படம், இயக்கம் இரண்டும் கிடைக்கவில்லை. தொகுப்பும் ஒலியும் கலையும் ஒப்பனையும் உடையும் சிறந்தவை என்று ஒப்புக்கொண்டவர்கள், அவற்றை ஒன்றுசேர்த்த ஜார்ஜ் மில்லரை ஏன் விட்டார்கள் என்று கேள்.

அந்தப் படத்தில் ஓடும் வண்டிகளின் மேல் கம்பங்களில் ஆடிவரும் ஆட்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். அபாரம். படிக்கும்போது என் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது. தமிழில் சண்டைக் காட்சியை இப்படி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

2027இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டன்ட் வடிவமைப்புக்கும் ஆஸ்கர் உண்டு. அதில் எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று அடுத்து எழுது. முதலில் இந்தக் கட்டுரையில் வசூல் வரிகளை அடித்துவிட்டு, கம்பத்து ஆட்களிலிருந்து தொடங்கி, எனக்கு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்