இட்டேரியும் வண்ணத்துப்பூச்சிகளும்

நுழையும்முன்

மலர் இருக்கும் இடத்திற்கு வண்ணத்துப்பூச்சி வரும் என்பதை நாம் அறிவோம். ஆனால், மலருக்கு முன்பே அதற்கு ஓர் இலை தேவைப்படுகிறது. அந்த இலையைத் தேடிக் கொங்கு நாட்டு வேலியோரம் நடந்து பார்ப்பதாக இப்பாடம் அமைந்துள்ளது.

மலையடிவாரத்தில் ஒரு காலை

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ள ஊர் துடியலூர். 2011ஆம் ஆண்டு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இவ்வூரில் இன்று குடியிருப்புகள் பெருகிவிட்டன. எனினும், மேற்கே பன்னிமடை, தடாகம் நோக்கிச் சென்றால் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் கண்ணில் படுகின்றன. அவற்றுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கிறது.

மழை ஓய்ந்த ஐப்பசிக் காலையில், வெயில் ஏறத் தொடங்கும்போது இங்கு நடப்பது நன்று. குளிர்ந்த உடலோடு வண்ணத்துப்பூச்சியால் பறக்க இயலாது. சிறகை விரித்து வெயிலில் காய்ந்த பின்னரே அது பறக்கத் தொடங்கும்.

இட்டேரி

இருபுறமும் உயிர்வேலி அமைய, நடுவே செல்லும் மண்பாதையைக் கொங்கு மக்கள் ‘இட்டேரி’ என்பர். மாட்டுவண்டியும் ஆட்டுமந்தையும் சென்ற வழி இது. கிளுவையும் கள்ளியும் ஆதொண்டையும் வேலியாக நிற்க, வேலிப்பருத்தியும் கோவையும் பிரண்டையும் அவற்றின்மேல் படரும். உழவருக்கு இது பயிரைக் காக்கும் அரண். வண்ணத்துப்பூச்சிக்கோ பிறந்த வீடு.

இலையறியும் கால்கள்

வேலியோரத்து எருக்கஞ்செடியைச் சற்று நேரம் கவனியுங்கள். கருவிளிம்புடைய செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று இலைதோறும் அமர்ந்து எழும். அது வெந்தய வரியன். பெண் வண்ணத்துப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டி, அதன் சுவையை அறியும்; தன் புழுவிற்கு ஏற்றது எனத் தெளிந்த பின்னரே முட்டையிடும்.

வெந்தய வரியனுக்கு எருக்கும் அதன் குடும்பத்துக் கொடிகளும், எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும், சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளையும் உணவுத் தாவரங்கள். எருக்கம்பாலின் நச்சு, அதனை உண்ட புழுவின் உடலில் தங்கிச் சிறகு முளைத்த பின்னும் தொடர்கிறது. ஆதலால், பறவைகள் வெந்தய வரியனைத் தவிர்க்கின்றன. நச்சற்ற கறிவேப்பிலை அழகியின் பெண்களுள் சில, நச்சுடைய சிவப்புடல் அழகியின் தோற்றத்தைப் பெற்று உயிர் தப்புகின்றன.

வழிப்போக்கர்கள்

இப்பருவத்தில் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை கூட்டங்கூட்டமாக வலசை செல்வதைக் கோவைப் பகுதியில் காணலாம். கோடையின் இறுதியிலும் மழைக்காலத்திலும் இவை கிழக்கிலுள்ள சமவெளிக்கும் மேற்கு மலைக்கும் இடையே பறக்கின்றன. வழியில் கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் மொய்த்து, தமக்கு வேண்டிய வேதிப்பொருள்களை உறிஞ்சிக்கொள்கின்றன.

புதர் எனும் பெயர்

எருக்கு, ஆடுதின்னாப்பாளை, கிலுகிலுப்பை ஆகியவற்றை நாம் ‘புதர்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கி அழிக்கிறோம். உயிர்வேலி இருந்த இடத்தில் கம்பிவேலியும் சுற்றுச்சுவரும் எழுகின்றன. பின்னர், இழந்த அழகை ஈடுசெய்ய அயல்நாட்டுப் பூச்செடிகளை வளர்க்கிறோம். அங்கு வரும் வண்ணத்துப்பூச்சி தேன் அருந்தும். ஆனால், முட்டையிட இலை இராது. ஒரு தலைமுறை விருந்துண்டு செல்லும். அடுத்த தலைமுறை பிறக்காது. வேலியோரத்துச் செடியின் பெயரை அறிந்தவர் அதனை எளிதில் வெட்டமாட்டார். எனவே, பெயர் அறிதலே பாதுகாப்பின் முதற்படி.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் ‘தமிழ் மறவன்’ 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் இதன் புழு, நீரடிமுத்து மரத்தின் இலைகளை உண்டு வளர்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் வேலியோரங்களில் வளரும் செடி கொடிகளின் வட்டாரப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. ஒரு கறிவேப்பிலைச் செடியை இருவாரம் உற்றுநோக்கி, அதில் கண்ட முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவற்றை நாள்வாரியாகப் பதிவு செய்க.