ஒரே நோட்டு, எல்லாப் பாடத்துக்கும்

கேள்வி: எந்தப் படிப்புக்கும் வேலைக்கும் உதவும் திறன்களை ஒரு மாவட்டப் பள்ளிகள் முழுக்கச் சொல்லித்தர முடியுமா?

பதில்: அமெரிக்காவில் ‘ஆவிட்’ திட்டம் அதைத்தான் முயல்கிறது. 1980-ல் சான் டியாகோவின் கிளேர்மான்ட் உயர்நிலைப் பள்ளியில், ஆங்கில ஆசிரியை மேரி கேத்தரின் ஸ்வான்சன் சுமார் 30 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது.

ஆவிட் மாணவரின் நோட்டில் இடப்பக்கம் கேள்விகள், வலப்பக்கம் குறிப்புகள், அடியில் சொந்த வார்த்தையில் சுருக்கம். வரலாறோ உயிரியலோ, முறை இதுதான். புரியாததை மாணவர் கேள்வியாக எழுதிவர வேண்டும். திட்டத்தின் டியூட்டர் விடையைச் சொல்லிவிடாமல் எதிர்க்கேள்வி கேட்பார். நம்மூர் டியூஷனுக்கு நேர் எதிர்!

இந்த முறை ஒரு வகுப்போடு நின்றால் ‘அது அந்த டீச்சர் சமாச்சாரம்’ என்றாகிவிடும். அதனால் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களும் பயிற்சிக்கு வருகிறார்கள். ஆனால், ஆசிரியர்கள் நோட்டைத் திருத்துவது வெறும் சடங்காகிவிடும் ஆபத்தும் உண்டு.