குட்டி பிறந்த முதல் ஒரு மணித்தியாலம்

சென்ற இதழில் ஆட்டுக் கொட்டில் அமைப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்து விட்டுப் பலரும் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கொட்டில் நல்லாத்தான் கட்டிட்டோம் ஐயா, ஆனா குட்டி தங்க மாட்டேங்குதே, என்ன செய்யிறது?" ஆகவே இம்முறைப் பாடம் ஆடு குட்டி போடும் காலத்தைப் பற்றியது.

லயத்தில் பால் ஆடு வளர்க்கும் குடும்பத்துக்குக் குட்டி என்றால் என்ன பெறுமதி என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளின் தேத்தண்ணிக்குப் பால், விற்பதற்கு அரைப் போத்தல், கிடாய்க் குட்டி வளர்ந்த பின் விற்றால் பள்ளிக்கூடச் செலவுக்குக் கையில் கொஞ்சம் காசு. குட்டி செத்துப் போனால் ஐந்து மாதம் புல் அறுத்துச் சுமந்த பாடும் அதோடு போகிறது.

முதலில் எங்கள் தவறையே சொல்லி விடுகிறோம். சில வருடங்களுக்கு முன், தை மாதத்தில், மேல் பிரிவில் ஒரு குடும்பத்தின் ஆடு இரட்டைக் குட்டி போட்டது. சானன் கலப்பு ஆடு, முதல் ஈற்று. வீட்டுக்கார அம்மா சந்தோசத்தில் மடியை நன்றாகக் கறந்து, கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுச் சீம்பால் அவித்து, பக்கத்துக் காம்பிராக்களுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நாங்களும் சாப்பிட்டோம். நல்லாயிருக்கு என்றும் சொன்னோம். குட்டிகள் குடித்தனவா என்று மட்டும் கேட்கவில்லை. மறுநாள் விடியப் புருசன் பெண்சாதி இருவரும் பிரட்டுக்குப் போய் விட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு குட்டி கழிந்து கழிந்து செத்தது. மற்றதற்குத் தொப்புள் வீங்கி, பிறகு முழங்கால்கள் வீங்கி, ஒரு கிழமை படுத்துக் கிடந்து அதுவும் போய் விட்டது. "கண்ணு பட்டிருச்சுங்க ஐயா" என்றார் அந்த அம்மா. கண் ஒன்றும் படவில்லை. குட்டிக்குச் சேர வேண்டியதை நாங்கள் எல்லோரும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டு விட்டோம். இதை அவருக்கு அன்று எடுத்துச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சீம்பால் எதற்கு?

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தி இரத்தத்தின் வழியாகச் சேர்ந்து விடுகிறது. ஆட்டுக் குட்டிக்கு அப்படி இல்லை. அது ஒன்றும் இல்லாமல்தான் பிறக்கிறது. அதற்கு வேண்டிய சக்தி தாயின் சீம்பாலில்தான் இருக்கிறது. அந்தச் சக்தியைக் குட்டியின் குடல் அப்படியே உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பது பிறந்த கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே. முதல் ஆறு மணித்தியாலத்தில் நன்றாக உறிஞ்சும். பிறகு குறைந்து கொண்டே போய் 24 மணித்தியாலத்தில் அடியோடு நின்று விடும். அதற்குப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் வயிறு நிறையுமே தவிர, அந்தச் சக்தி இரத்தத்தில் ஏறாது. அதனால்தான் குட்டி பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும் என்கிறோம்.

மஞ்சளாக, பிசுபிசு என்று இருப்பதால் அது கெட்ட பால் என்று நிலத்தில் பீச்சி விடுகிறவர்களும் உண்டு. காம்பின் நுனியில் மெழுகு போல் ஓர் அடைப்பு இருக்கும். அது போக இரண்டு பீச்சுப் பீச்சினால் போதும். அதற்கு மேல் ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாது. (பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் முதல் பாலைப் பீச்சி ஊற்றாமல் ஒரு மணித்தியாலத்துக்குள் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லித்தான் மருத்துவிச்சி அம்மா லயம் லயமாகச் சொல்லி வருகிறார்.)

இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் 200 முதல் 300 மில்லிலீற்றர் வரை வேண்டும். அதாவது பால் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே தடவையில் அல்ல, ஐந்தாறு தடவையாக. நல்ல குட்டி தானே தேடிக் குடிக்கும். இரட்டைக் குட்டியில் பலவீனமானதை மற்றது தள்ளி விடும். அதைக் கையால் பிடித்துக் காம்பில் வைக்க வேண்டும். தாய் செத்து விட்டால் அன்று குட்டி போட்ட வேறு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லாவிட்டால் கன்று போட்ட பசுவின் சீம்பால் உதவும். அந்த நேரத்தில் பக்கத்து லயத்தில் போய்க் கேட்க வெட்கப்படாதீர்கள்.

நாள் கணக்கு

ஆட்டின் சினைக் காலம் 150 நாள், ஐந்து நாள் முன் பின்னாக இருக்கலாம். கிடாயிடம் விட்ட தேதியைக் கலண்டரிலோ, கரியால் கொட்டில் பலகையிலோ அன்றே எழுதி விடுங்கள். ஆகஸ்ட் 15இல் விட்டால் ஜனவரி 12 அளவில் குட்டி. பொங்கலுக்குக் குட்டி என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நுவரெலியாப் பக்கம் பனி உறையும் காலம் அதுதான். மே மாதத்துக்குப் பிறகு என்றால் மேற்கு மலைகளில் விடாத மழை. ஒக்டோபர் நடுவில் கிடாயிடம் விட்டால் மார்ச் நடுவில் குட்டி வரும். அப்போது புல் கொஞ்சம் குறைவுதான், முருங்கைத் தழையும் பலா இலையும் வைத்துச் சமாளிக்க வேண்டும். ஆனாலும் குட்டி புல் கடிக்கப் பழகும் நேரத்தில் சித்திரை மழைக்குப் புல் தழைத்து விடும். எங்களைக் கேட்டால் அதுவே நல்லது.

குட்டி போட இரண்டு மாதம் இருக்கும்போது கறப்பதை நிறுத்தி விட வேண்டும். பால் நின்று போகிறதே என்று மனம் கேட்காதுதான். ஆனால் வயிற்றுக் குட்டி வேகமாக வளர்வது கடைசி ஆறு கிழமையில். அப்போது கொஞ்சம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கூடுதலாகக் கொடுங்கள். களை மருந்து அடித்த மலையில் மட்டும் புல் அறுக்க வேண்டாம்.

குட்டி போடும் இரவு

வாலடியில் இரண்டு பக்கமும் கயிறு போல் இருக்கும் நரம்பு தளர்ந்து குழி விழும். மடி இறுகிப் பளபளக்கும். ஆடு தனியாக ஒதுங்கி முன்னங்காலால் தரையைச் சுரண்டும். அன்று இரவு யாராவது ஒருவர் முழித்திருக்க வேண்டும். பரண் கொட்டில் என்றால் பலகை இடைவெளியில் பிறந்த குட்டியின் கால் மாட்டிக் கொள்ளும், எனவே காய்ந்த சாக்குகளை விரித்து விடுங்கள்.

பன்னீர்க்குடம் வந்த பின், இரண்டு முன்னங்கால் குளம்பும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் எல்லாம் சரி. கையை வைக்காமல் பார்த்திருங்கள். பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தாலும் பிறக்கும், ஆனால் தாமதிக்க விடக் கூடாது. ஆடு முக்கும் நேரத்தில் மட்டும் மெதுவாகக் கீழ் நோக்கி இழுத்துக் கொடுக்கலாம். தலை வந்து கால் இல்லை, அல்லது வால் மட்டும் தெரிகிறது, அல்லது அரை மணித்தியாலம் பலமாக முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். இப்போது எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது. அவருடைய நம்பரை முன்கூட்டியே வாங்கிச் சுவரில் எழுதி வைத்தால் நடு இரவில் தேட வேண்டியதில்லை.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, சாக்கால் நன்றாகத் தேய்த்து விடுங்கள். தாய் நக்கட்டும். தொப்புள் கொடியை டிங்சர் அயடினில் முக்கி எடுங்கள். பாமசியில் ஒரு சின்னப் போத்தல் முதலே வாங்கி வைத்திருக்க வேண்டும். சாம்பலும் சாணியும் பூச வேண்டாம். ஏற்பு வலியும் மூட்டு வீக்கமும் அந்த வழியாகத்தான் நுழைகின்றன. தாய்க்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கருப்பட்டி கரைத்துக் கொடுத்தால் ஆவலாகக் குடிக்கும். நஞ்சுக்கொடி சில மணித்தியாலத்தில் தானாக விழும். 12 மணித்தியாலம் ஆகியும் விழாவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள், கல்லைக் கட்டித் தொங்க விடுவது கூடாது.

குளிர்

குட்டி தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தால் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்தால் பால் கொடுக்கக் கூடாது. உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்குப் பாலை ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போய் விடும். முதலில் சூடு, பிறகு பால். சுடுதண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், அல்லது கம்பளியில் சுற்றி அடுப்படிக்குக் கொண்டு போங்கள். வாயில் சூடு வந்ததும் சீம்பால் கொடுங்கள். காற்று வரும் பக்கத்துக்குப் பழைய படங்கைக் கட்டினால் போதும். கொட்டிலுக்குக் கீழே நெருப்புச் சட்டி மட்டும் வைக்காதீர்கள். சாக்கும் சருகும் இருக்கும் இடம், பக்கத்திலேயே லயக் கூரை.

கர்ப்பிணித் தாய்மார் கவனத்துக்கு

வீட்டில் ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பது அநேகமாகப் பெண்கள்தான். ஆனால் மாசமாக இருக்கும் பெண் அந்த வேலைக்குப் போகவே கூடாது. பன்னீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கக் கூடிய சில கிருமிகள் கருவைக் கலைத்து விடும். மருமகள் மாசமாக இருந்தால் மாமியார் பார்க்கட்டும், இல்லாவிட்டால் வீட்டு ஆம்பிளை பார்க்கட்டும். மற்றவர்களும் கையில் சொப்பிங் பேக் மாட்டிக் கொண்டு வேலை செய்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நஞ்சுக்கொடியையும், செத்துப் பிறந்த குட்டியையும் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். ஒரே பட்டியில் இரண்டு ஆடு குறை மாதத்தில் போட்டால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆட்டுப் பாலை எப்போதும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

பால் பங்கு

முதல் நாலைந்து நாள் பால் முழுவதும் குட்டிக்கே. இரண்டு மூன்று கிழமை போன பிறகு இரவில் குட்டிகளைத் தனியாக அடைத்து, விடிய பிரட்டுக்குப் போக முன் வீட்டுக்குக் கறந்து கொண்டு, பகலில் தாயோடு விட்டு விடலாம். பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும்.

மேல் பிரிவு அம்மாவின் ஆடு போன மாசியில் மறுபடி இரட்டைக் குட்டி போட்டது. இந்தத் தடவை அவருடைய மாமியார் இரண்டு நாள் கொட்டிலை விட்டு அசையவில்லை. இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம் எங்களுக்குச் சீம்பால் வந்தது. "குட்டிங்க குடிச்ச மிச்சம்தாங்க ஐயா" என்று சொல்லிக் கொடுத்தார். கிண்ணம் முன்னதை விடச் சின்னது.

அடுத்த இதழில் குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் முறை பற்றி எழுதுவோம். கேள்விகள் இருந்தால் நலன்புரி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பிரட்டுக்களத்தில் நிறுத்திக் கேட்டாலும் சரிதான்.