கருவிலுள்ள குழந்தையும் தகப்பனின் சிகரட்டும்

"எங்கள் தாய்மார் புகைப்பதில்லையே" என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால், தகப்பன் வீட்டுக்குள் பற்றவைக்கும் சிகரட்டின் புகையைக் கர்ப்பிணியும் சுவாசிக்கிறாள்.

அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் குருதியிற் சேரும். நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இதனால், சிசுவின் வளரும் மூளைக்கு வேண்டிய ஒட்சிசன் குறைகிறது.

புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் நிறை குறைந்து பிறப்பதை 1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அத்தகைய பிள்ளைகளிற் சிலர் வாசிப்பிலும் கவனத்திலும் பின்தங்குவதும் பின்னர் அவதானிக்கப்பட்டது. வீட்டின் வறுமைக்கும் பெற்றோரின் கல்விக்கும் அதிற் பங்குண்டு என்பது உண்மையே. ஆயினும், புகையை நிறுத்துவது இன்றே எங்கள் கையில் உள்ளது.

தகப்பன்மாரே, யன்னலைத் திறந்துவிட்டாற் போதாது. பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திராமல், இன்றே அடியோடு விட்டுவிடுங்கள். எந்த மாதத்தில் விட்டாலும் நன்மையே.