நாய் திராட்சை தின்றுவிட்டதா? ரிசப்ஷனில் இருப்பவர் செய்ய வேண்டியது

கால்நடை கிளினிக்கிலோ நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங்கிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரா நீங்கள்? "நாய்க்குத் திராட்சை கொடுக்கலாமா?" என்ற கேள்வி சீக்கிரமே உங்களிடம் வரும். கூடவே கூடாது. பச்சை, கறுப்பு, பன்னீர், விதையில்லாதது எதுவானாலும் பதில் இதுதான். உலர்திராட்சை இன்னும் மோசம். நீர் வற்றியதால் அதில் நஞ்சு செறிந்திருக்கும். பூனைக்கும் வேண்டாம்.

"எங்க டாமி எத்தனையோ தடவை தின்னிருக்கே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், வாதாடாதீர்கள். ஒரு நாய் தின்று தப்பித்த அளவு இன்னொரு நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம், இவ்வளவு வரை பரவாயில்லை என்று கணக்குச் சொல்ல முடியாது என்று பொறுமையாக விளக்குங்கள். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ரகத்துக்கு ரகம், பக்குவத்துக்குப் பக்குவம் அதன் அளவு மாறும். இந்த அமிலம் புளியிலும் ஏராளம். அதனால் நம் வீடுகளுக்கு எச்சரிக்கை சொல்லும்போது பாயசம், கேசரியோடு புளியோதரையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் வேலையின் கனம் தெரிவது போன் வரும்போதுதான். "இப்பத்தான் தின்னுச்சு, நல்லா விளையாடிக்கிட்டுதான் இருக்கு" என்று கேட்டதும் நிம்மதி அடையாதீர்கள். வயிற்றில் இருப்பதை மருத்துவர் வாந்தியாக வெளியேற்ற முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வாந்தி தொடங்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் நின்றுபோன பிறகு வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். எப்போது தின்றது, எவ்வளவு, நாயின் எடை என்ன என்று கேட்டு எழுதி, அப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். டோக்கன் வரிசை இதற்குக் கிடையாது. "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று நீங்களாக முடிவு செய்யவே கூடாது. உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்லாதீர்கள். அந்த உப்பே நாய்க்கு நஞ்சாகும்.

போர்டிங்கில் இருப்பவர்கள் நாயை வாங்கிக்கொள்ளும்போதே தின்பண்டப் பையைத் திறந்து பாருங்கள். உலர்திராட்சை போட்ட பன், கேக், பிஸ்கட் இருந்தால் உரிமையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். பழம்தான் தர வேண்டும் என்றால் விதை நீக்கிய ஆப்பிள் ஒரு துண்டு போதும். அதையும் சேர்க்கைப் படிவத்தில் குறித்துவையுங்கள். இரவு ஷிஃப்டுக்கு வருபவர் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்.