ஈரத்துக்குக் காசு கொடுக்காதே

அன்புள்ள தம்பி,

சிவகங்கைப் பக்கம் விறகு மின்நிலையத்தில் கொள்முதல் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். பாய்லரையும் டர்பைனையும் பற்றிச் சொல்லித்தர அங்கேயே ஆள் இருப்பார்கள். விறகைப் பற்றி நான் சொல்கிறேன்.

10 மெகாவாட் நிலையம் முழுவீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 2,40,000 யூனிட். யூனிட்டுக்கு ஒன்றேகால் கிலோ என்று வைத்தாலும் 300 டன் விறகு வேண்டும். பத்து டன் லாரியில் 30 லோடு. தீபாவளியன்றும் அதே 30 லோடு. அத்தனையும் கண்மாய்க்குள்ளும் தரிசுப் பட்டாவிலும் துண்டு துண்டாக நிற்கும் சீமைக்கருவேலிலிருந்து வரவேண்டும். ஓர் இடம் முடிந்ததும் அடுத்த ஊர், அடுத்த ஏலம், அடுத்த வெட்டுக்கூட்டம். மரத்தின் விலை இதில் சொற்பம். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இறக்குக்கூலி, விறகைத் தூளாக்கும் சிப்பருக்கு டீசல் என்று கைமாறக் கைமாறத்தான் விலை ஏறுகிறது.

ஆனாலும் பணம் அதிகம் ஒழுகுவது எடைமேடையில்தான். அன்றைக்கு வெட்டி அன்றைக்கே ஏற்றிய பச்சை விறகில் ஈரம் பாதியைத் தொடும். கிலோவுக்கு 2,000 கிலோகலோரிகூடத் தேறாது. அதையே சில வாரம் வெட்டிய இடத்தில் வெயிலில் போட்டு ஈரம் கால்பங்காகிவிட்டால் 3,100 கிலோகலோரி கிடைக்கும். ஒரு பேச்சுக்கு, பச்சை டன் 2,400 ரூபாய், காய்ந்தது 3,500 ரூபாய் என்று வை. மலிவு எது? காய்ந்ததுதான். பத்து லட்சம் கிலோகலோரிக்குப் பச்சையில் 1,230 ரூபாய் ஆகிறது, காய்ந்ததில் 1,130. பச்சை லோடு பத்து டன்னில் ஐந்து டன் தண்ணீருக்கும் லாரி வாடகை கொடுத்திருக்கிறாய். ஆகவே ஒவ்வொரு லோடிலும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கட்டை உருவி ஈரம் பார். மேலே கிடப்பது எப்போதும் காய்ந்துதான் இருக்கும். ஏற்றுகிறவர்களுக்கு அது தெரியும்.

முள்ளும் கிளையுமாக வரும் லோடில் லாரி பாடி நிறைந்துவிடும், எடை நிறையாது. வெட்டும் இடத்திலேயே சிப்பரை நிறுத்தித் தூளாக்கலாமே என்று தோன்றும். பெரிய கண்மாய் என்றால் சரி. இரண்டு ஏக்கர் பட்டாவுக்குச் சிப்பரை இழுத்துப் போனால் அது ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். தூளைக் குவித்தும் வைக்காதே, உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்ளலாம். கட்டையாக அடுக்கி, எரிக்கும் நேரத்துக்குத் தூளாக்கு.

கரிமூட்டக்காரரோடு விலைப் போட்டிக்குப் போகாதே. நாலைந்து கிலோ விறகு அவர் கையில் ஒரு கிலோ கரியாகிவிடுகிறது. எடை குறைந்த சரக்கு வெகுதூரம் போகும். நல்ல கட்டைக்கு உன்னைவிட அவரால் கூடுதல் கொடுக்க முடியும். அவர் கழித்துப்போடும் சிம்பும் தூரும் உனக்குப் போதும்.

தூர் என்றதும் ஒன்று. ஜேசிபி வைத்துப் பிடுங்கிய தூர் மண்ணோடு வரும். அந்த மண் பாய்லருக்குள் உருகி, கட்டி கட்டியாக இறுகிக்கொள்ளும். நிலையத்தை நிறுத்தித்தான் உடைக்க வேண்டியிருக்கும். தூரை ஒரு மாதம் காயவிட்டால் தட்டினாலே மண் உதிர்ந்துவிடும். உதிர்க்காமல் வந்த லோடைத் திருப்பி அனுப்பு.

அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கையே வகுத்திருக்கிறது. சீமைக்கருவேல் தூரோடு போவது நிலத்தடி நீருக்கும் கண்மாய்க்கும் நல்லது, எனக்கு அதில் மறுபேச்சில்லை. ஆனால் வெட்டிவிட்டால் மூன்று நாலு வருஷத்தில் துளிர்த்து மறுபடி விறகாகும் மரம், பிடுங்கினால் ஒரே ஒருமுறைதான் உனக்கு. இன்றைக்கு மலிவாகக் குவிவதைப் பார்த்து உன் முதலாளி இரண்டாவது பாய்லர் பேச்செடுத்தால், நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீட்டருக்குள் பத்து வருஷம் கழித்து என்ன நிற்கும் என்று கேள். சவுக்கோ தைலமரமோ நடுகிற விவசாயியிடம் இப்போதே பேசிவைக்க வேண்டும்.

வெட்டுக்கூட்டத்துக்குச் சனிக்கிழமை தவறாமல் கூலி கொடு. முள் ஏறாத தடித்த செருப்பும் கையுறையும் உன் செலவில் வாங்கு. ஐப்பசியில் மழை பிடித்தால் கரிசல் மண்ணில் லாரி இறங்காது. புரட்டாசிக்குள் விறகை மேட்டில் அடுக்கிவிடு, அடுக்குக்கு அடுக்கு தீயணைப்பு வண்டி நுழையும் அளவு இடைவெளி விட்டு.

அன்புடன்,
அண்ணன்