மலச்சிக்கல்: அடக்கி வைப்பதால் வரும் தொல்லை

மலச்சிக்கலைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். தோட்டத்து மருந்தகத்தில் தலையிடி, வயிற்றுவலி என்று சொல்லும் தாய்மார் சிலர், மூன்று நாட்களாக மலம் போகவில்லை என்பதைச் சொல்வதில்லை. ஆகவே இப்பாடத்தில் அதை வெளிப்படையாகப் பார்ப்போம்.

மலச்சிக்கல் என்றால் என்ன?

எல்லோரும் தினமும் மலம் கழிக்க வேண்டும் என்பதில்லை. வாரத்தில் 3 தடவைக்கும் குறைவாகப் போவதும், மலம் இறுகி முக்க வேண்டியிருப்பதுமே மலச்சிக்கல். உணவின் சக்கையிலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சுகிறது. சக்கை அங்கே தங்கும் நேரம் கூடக்கூட மலம் காய்ந்து கட்டியாகும். முக்கி முக்கிப் போவதால் மூலமும் ஆசனவாய் வெடிப்பும் உண்டாகலாம்.

காரணங்கள்

1. அடக்குதல்: கொழுந்து பறிக்கும் மலைகள் பலவற்றில் கழிப்பறை இல்லை. காலையில் மலைக்குப் போகும் பெண்கள் லயத்துக்குத் திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். இதுவே பழக்கமானால் மலம் வரும் உணர்வே மங்கிவிடும்.

2. தண்ணீர் குறைவு: குளிரில் தாகம் தெரிவதில்லை. ஒதுங்க இடமில்லை என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காதவர்களும் உண்டு.

3. உணவு: வெள்ளைக் கோதுமை மாவில் தவிடு நீக்கப்பட்டுள்ளதால் நார்ச்சத்து குறைவு. மூன்று வேளையும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் போதாது.

4. மருந்து: கர்ப்பிணிகள் எடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கும். அதற்காக அதை நிறுத்தக்கூடாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

நுவரெலியா மரக்கறி நாடெங்கும் லொறியில் போகிறது. நம் சட்டியிலும் கொஞ்சம் விழட்டும். ரொட்டி மாவில் குரக்கன் மா கலந்து, துருவிய கரட்டோ நறுக்கிய கீரையோ சேர்த்துச் சுடுங்கள். போஞ்சி, கோவா, வல்லாரை, பருப்பு, கடலை, கௌபி, கொய்யா, பப்பாசி எல்லாம் நல்லவை. நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும்.

கொதித்தாறிய நீரை ஒரு போத்தலில் மலைக்குக் கொண்டுபோங்கள். நாளொன்றுக்கு 6 முதல் 8 கோப்பை தேவை. (சிறுநீரக, இருதய நோயாளர் வைத்தியரின் சொற்படி குடிக்கவும்.)

சாப்பிட்டபின் குடல் அசைவது இயற்கை. எனவே காலையில் ஏதாவது சாப்பிட்டு, பெரட்டுக்கு முன் 10 நிமிடமாவது கழிப்பறைக்கு ஒதுக்குங்கள்.

பேதி மருந்தை அடிக்கடி எடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டாம்.

வைத்தியரிடம் எப்போது?

மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், 50 வயதுக்குமேல் புதிதாக வந்த மலச்சிக்கல் ஆகியவற்றுக்குத் தாமதியாமல் வைத்தியரைக் காணுங்கள். வயிறு வீங்கி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாவிட்டால் உடனே டிக்கோயா, நுவரெலியா போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது வழக்கம்; மாத்திரை எடுக்காதவருக்குத் தார்போல் கறுத்தால் அது உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறியாகலாம்.

உணவை வீட்டில் மாற்றலாம். மலையில் கழிப்பறையை ஒருவர் தனியாக அமைக்க முடியாது. அதைச் சேர்ந்தே கேட்க வேண்டும்.

கலந்துரையாட:

1. நம் தோட்டத்தில் எந்தெந்த மலையில் கழிப்பறை இல்லை?
2. கொழுந்து மடுவத்துக்கு அருகில் ஒன்றேனும் அமைக்க, தண்ணீர் எங்கிருந்து எடுக்கலாம்?
3. தோட்ட நிருவாகத்திடம் இதை யார் யார் போய்ப் பேசுவது? எப்போது?